ஏவலும் இலக்கணமும்: தமிழிற் கட்டளை விளக்கி அமைத்தல் பற்றிய ஓர் ஆய்வுக் குறிப்பு

1. தோற்றுவாய்

கணனியிடம் நம் விருப்பத்தைத் தெரிவிக்கும் வழிகளுள் எழுத்துவழிக் கட்டளை இன்றும் வழக்கொழியாத ஒன்றாகும். விசைப்பலகையில் ஒரு வரி எழுதப்படுகிறது. கணனி அதனை வாசித்துப் பொருள் கொண்டு, வேண்டிய செயலைச் செய்து, விடையையும் எழுத்திலேயே தருகிறது. பின்னர் அடுத்த வரிக்காகக் காத்திருக்கிறது. இவ்வுரையாடலில், மனிதர் எழுதிய வரியை எடுத்துப் பொருள் காணும் உறுப்பையே இக்கட்டுரையிற் கட்டளை விளக்கி என்கிறோம்.

இவ்வுறுப்பின் வரலாற்றில் ஒரு செய்தி நம் கவனத்துக்குரியது. 1960-களில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் காலப்பகிர்வுக் கணனி முறைமையில் ஈடுபட்டிருந்த பிரெஞ்சு அறிஞர் லூயி பூசான், கட்டளைகளை விளக்கும் உறுப்பு முறைமையின் அடித்தளத்துக்குள் புதைந்திருக்க வேண்டியதில்லை, அதற்குப் புறத்தே ஓர் ஓடுபோல நிற்கலாம் என்னும் கருத்தை முன்வைத்தார். பெல் ஆய்வுகூடத்தில் 1969 முதல் வளர்ந்த யுனிக்ஸ் முறைமை இக்கருத்தைத் தனதாக்கிக்கொண்டது. ஓடு புறத்தே இருப்பதால் அதனைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். யுனிக்ஸ் உலகில் 1979-இல் ஓர் ஓடும் 1989-இல் இன்னோர் ஓடும் புதிதாக வந்து பழையவற்றின் இடத்தைப் பிடித்தமை இதற்குச் சான்று. ஆகவே கட்டளை மொழி ஆங்கிலமாகவே இருத்தல் வேண்டும் என்பதற்கு இயந்திரத்தின் இயல்பிலிருந்து பிறந்த காரணம் எதுவும் இல்லை. அது வழக்கத்தின் விளைவே.

இவ்வழக்கம் நம்மைப் பொறுத்தவரை சிறிய செய்தியன்று. 1987-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் இலங்கையின் அரசகரும மொழியாகும் எனக் கூறுகிறது. சட்டம் ஒரு மொழிக்கு ஆளும் தகுதியைத் தந்தாலும், மேசைமீதுள்ள இயந்திரத்துக்கு ஏவல் இடும் தகுதி அதனால் மாத்திரம் வந்துவிடாது. திரையிலுள்ள படங்களுக்கும் பட்டிகளுக்கும் தமிழ்ப்பெயர் இடப்பட்டுள்ளது. ஆனால் கட்டளைவரியில் ஆங்கிலச் சொற்களே வழங்குகின்றன. ஆங்கிலம் அறிந்தவர் ஏவுகிறார். அறியாதவர் அவரிடம் கேட்டுக் காத்திருக்கிறார். இது மொழிப் பிரச்சினை மாத்திரமன்று, உழைப்பவருக்கும் அவரது கருவிக்கும் இடையேயுள்ள உறவு பற்றிய பிரச்சினையுமாகும்.

யாழ்ப்பாணத்துக்கு இப்பிரச்சினை புதியதன்று. வட்டுக்கோட்டைச் செமினறியின் வழிவந்த விசுவநாதபிள்ளை 1855-இல் 'பீசகணிதம்' எழுதினார். 1847-இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். அதற்கென நூல்களையும் கலைச்சொற்றொகுதிகளையும் ஆக்கினார். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசகரும மொழித் திணைக்களம் பாடந்தோறும் சொற்றொகுதி வெளியிட்டது. இம்மரபு முழுவதும் சொல்லாக்கத்தை மையமாகக் கொண்டது. பாடநூலுக்கு அது பெருமளவு போதும். கட்டளை விளக்கிக்கு அது போதாது. அங்குச் சொல்லோடு தொடரிலக்கணமும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. தமிழ் இலக்கணம் இதற்கு இடையூறு அன்று, பல இடங்களில் ஆயத்தமாகக் கிடக்கும் விடையே என்பதையும் காட்ட முயல்வோம்.

விளக்கத்தின் பொருட்டு ஓர் எளிய செய்நிரலை எடுத்துக்கொள்வோம். குடாநாட்டின் கிராமங்களிற் சனசமூக நிலையங்களும் அவற்றோடிணைந்த வாசிகசாலைகளும் உள்ளன. அத்தகைய ஒரு வாசிகசாலையின் நூற்பதிவேட்டைக் கணனியிற் பேண வேண்டும் எனக் கொள்வோம். நூலுக்கு ஓர் எண், அங்கத்தவருக்கு ஓர் எண். நூலைச் சேர்த்தல், தேடுதல், இரவல் கொடுத்தல், மீளப்பெறுதல், பதிவை நீக்குதல் ஆகிய ஐந்துமே பிரதான தொழில்கள்.

2. சொல்லை மாற்றினாற் போதுமா?

யுனிக்ஸ் கட்டளைகளிற் செயல் முதலிலும் செயலுக்கு உட்படுவன பின்னும் வரும். ஆங்கில ஏவல் வாக்கியத்தின் அமைப்பு அதுவே. அச்சொற்களை மாத்திரம் தமிழாக்கினால் நம் வாசிகசாலையின் கட்டளை பின்வருமாறு அமையும்:

கொடு 1532 214

இதில் நூல் எது, அங்கத்தவர் எவர்? எந்த எண் முதலில் வரவேண்டும் என்பதை நினைவில் வைத்திருப்பவருக்கே அது புலப்படும். இரண்டு எண்ணும் இடம் மாறினால் 214-ஆம் நூல் 1532-ஆம் அங்கத்தவருக்குப் போய்விடும், கணனி ஆட்சேபிக்காது. பொருளை இடத்தால் உணர்த்தும் இம்முறை நம் இலக்கணத்தில் நிரனிறைப் பொருள்கோள் எனப் பெயர்பெற்றது. பெயர்களை ஒரு வரிசையிலும் அவற்றுக்குரிய பயனிலைகளை அதே வரிசையிலும் நிறுத்தி, முறையே பொருத்திக்கொள்ள விடுவது அது. செய்யுளில் அது ஓர் அணி. அன்றாடத் தமிழில் எவரும் நிரனிறையாகப் பேசுவதில்லை. ஆங்கிலக் கட்டளைமுறையைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது, செய்யுளுக்குரிய அருவழக்கு ஒன்று அன்றாட வழக்காகத் திணிக்கப்படுகிறது.

இதனை உணர்ந்து செய்யப்பட்ட ஒரு முயற்சி முத்தையா அண்ணாமலையின் 'எழில்' என்னும் செய்நிரல் மொழியாகும். 2009-இல் ஆய்வுக்கட்டுரை வாயிலாக அறிமுகமான இது, பைதன் மொழியில் எழுதப்பட்டது. வரிக்கு வரி உரையாடும் முறையிலும் இயங்கவல்லது. எழிலில் நிபந்தனை முதலில் எழுதப்பட்டு, 'ஆனால்' என்னும் சொல் அதன் பின்னே வருகிறது. 'இவ்வாறு ஆனால் இதைச் செய்' என்னும் தமிழ் முறைவைப்பு அங்குப் பேணப்படுகிறது. ஆயின் அச்சிடும் கட்டளையாகிய 'பதிப்பி' முதலில் நின்று, அச்சிடப்படும் பொருள் பின்னே வருகிறது. ஒரே மொழியில் இரு முறைவைப்புகள் அருகருகே நிற்பது குறை கூறுவதற்குரியதன்று. இப்பிரச்சினை எங்கே உள்ளது என்பதை அது நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

வினையை இறுதியில் வைக்கும் மொழி தமிழ் மாத்திரமன்று. யப்பானிய மொழியும் அவ்வாறானதே. 1970 அளவில் சார்ள்ஸ் மூர் ஆக்கிய 'ஃபோர்த்' மொழியிற் செயலுக்கு உட்படுவன முன்னும் செயல் பின்னும் வரும். ஆங்கிலம் பேசுவோருக்கு விசித்திரமாகத் தோன்றிய இவ்வமைப்பை அடிப்படையாகக் கொண்டு, 1985-இல் யப்பானியர் 'மைண்ட்' என்னும் யப்பானியச் செய்நிரல் மொழியை ஆக்கினர். பிறர்க்குத் தலைகீழானது அவர்க்கு இயல்பாயிற்று.

3. எழுத்து

கட்டளை விளக்கியின் முதற்பணி எழுத்தை அடையாளங் காண்பது. இதனை எளிதென எண்ணிப் புறக்கணிக்கும் செய்நிரல் முதல் வரியிலேயே இடறும்.

நம் உதாரணக் கட்டளையாகிய 'கொடு' என்பதையே நோக்குவோம். நமக்கு இது இரண்டெழுத்துச் சொல். 1991-இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழை உள்ளடக்கிய யுனிகோட் முறையில், 'கொ' என்பதைக் ககரமும் ஒகரக் குறியும் எனச் சேமிக்கலாம். ககரம், எகரக் குறி, ஆகாரக் குறி எனப் பிரித்தும் சேமிக்கலாம். முதல் வழியிற் 'கொடு' நான்கு குறியீடுகளாலானது. இரண்டாம் வழியில் ஐந்து. திரையில் இரண்டும் ஒன்றே. எண்ணுக்கு எண் ஒப்பிடும் கணனிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். எழுதியவர் சரியாக எழுதியிருந்தும் 'அறியாத கட்டளை' என்னும் விடை வரும். ஏன் என்பது அவருக்கு ஒருபோதும் விளங்காது. ஆதலால் வரும் வரியை ஒப்பீட்டுக்கு முன் ஒரே வடிவுக்குக் கொண்டுவருதல் இன்றியமையாதது. யுனிகோட் நியமமே இதற்கு வழி வகுத்துள்ளது. எனினும் ஔகாரத்தை எழுதும்போது ஒகரத்தின் பின் ளகரத்தை இடும் வழக்கம் போன்றவற்றை அந்நியமம் ஒன்றாகக் கருதாது. அவற்றைச் செய்நிரல் ஆக்குவோரே கவனித்தல் வேண்டும்.

இரண்டாவது, எழுத்தின் அலகு. பல கட்டளை விளக்கிகள் சொல்லின் முற்பகுதியை எழுதியவுடன் மிகுதியைத் தாமே நிரப்பித் தரும். குறியீடுகளை அலகாகக் கொண்டால் 'க' என எழுதியதும் கொடு, காட்டு ஆகிய இரண்டும் முன்வரும். தமிழறிவோ 'கொடு' என்பது ககரத்தில் தொடங்குவதாகக் கொள்ளாது. அது கொகரத்திலேயே தொடங்குகிறது. உயிர்மெய்யை ஓரலகாகக் கொண்டால் 'கொ' என்ற ஓரெழுத்தே கட்டளையைத் தனித்துக் காட்டிவிடும். தமிழ் நெடுங்கணக்கின் செறிவு இவ்விடத்தில் நமக்கு ஆதாயமாகிறது.

மூன்றாவது, பழைய பதிவுகள். இலங்கையிற் பெருவழக்குப் பெற்றிருந்த 'பாமினி' எழுத்துருவிலே தட்டச்சான பட்டியல்கள் கணனிக்குள் ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவுமே உள்ளன. அதிற் புள்ளிக்குரிய குறி அரைப்புள்ளி. யுனிக்ஸ் கட்டளை மரபில் அரைப்புள்ளி ஒரு கட்டளை முடிந்து மற்றொன்று தொடங்குவதைக் குறிக்கும். மாற்றஞ் செய்யாத பாமினி வரியொன்றை அத்தகைய விளக்கியிடம் கொடுத்தால், மெய்யெழுத்துத் தோறும் அது கட்டளையைத் துண்டிக்கும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கென 2008-இல் 1326-ஆம் நியமத்தை வெளியிட்டது. அதற்கு முன்னைய பட்டியல்களை மாற்றியே உட்சேர்த்தல் வேண்டும்.

4. சொல்

அடுத்தது கட்டளைச் சொற்களைத் தெரிதல். நம் மொழியில் இதற்கு ஒரு வாய்ப்பு உண்டு. தமிழில் வினைப்பகுதியே ஒருமை ஏவலாகவும் நிற்கும். நன்னூலார் வினைப்பகுதிகளை ஏவல் வடிவிலேயே வகுத்துக் காட்டுகிறார். ஆகவே கொடு, தேடு, காட்டு, சேர், நீக்கு என்பன விகுதி வேண்டாமலே கட்டளைகளாகும். மரியாதை கருதிக் 'கொடுங்கள்' என்றோ அலுவலக வழக்கிற் 'கொடுக்கவும்' என்றோ எழுதுபவரும் இருப்பர். அவ்வடிவங்களையும் அட்டவணையிற் சேர்ப்பதனால் எவ்வித நட்டமும் இல்லை.

ஒரே செயலுக்கு எல்லோரும் ஒரே சொல்லைத் தெரிவதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1987-இல் ஃபர்னாசும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பொருளுக்கு இருவர் தாமாகவே ஒரே பெயரை இடும் நிகழ்தகவு 20 சதவீதத்துக்கும் குறைவு. நம்மிடையே இவ்வேறுபாடு மேலும் அதிகம். இங்கு நாம் கணனி என்பதைத் தமிழ்நாட்டார் கணினி என்பர். நாம் செய்நிரல் என்பதை அவர் நிரல் என்பர். நாம் தொழினுட்பம் எனப் புணர்த்தெழுதுவதை அவர் தொழில்நுட்பம் எனப் பிரித்தெழுதுவர். எது சரி என வாதிடுவது கட்டளை விளக்கியின் வேலையன்று. பிரதான சொல் ஒன்றும் அதற்கு நிகரான சில சொற்களும் கொண்ட வரையறுத்த அட்டவணையே போதுமானது.

அட்டவணையில் எதைச் சேர்ப்பது என்பதைப் போலவே எதை விலக்குவது என்பதும் முக்கியம். 'அளி' என்பது கொடுத்தலைக் குறிக்கும் நல்ல சொல். 'அழி' என்பது நீக்குதலைக் குறிக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. இவ்விரு சொற்களும் ஒரே செய்நிரலில் இடம்பெறுமாயின், அங்கத்தவருக்கு நூலை அளிக்க எண்ணியவர் பதிவை அழித்துவிடக் கூடும். தட்டச்சுப் பிழைகளை ஆராய்ந்த டமெறோ, அவற்றுள் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவை ஓரெழுத்து மாறுதல், ஓரெழுத்து விடுபடுதல், ஓரெழுத்து மிகுதல், அடுத்தடுத்த இரண்டெழுத்து இடம்மாறுதல் ஆகிய நான்கனுள் ஒன்றே என 1964-இற் காட்டினார். இதிலிருந்து ஒரு விதி பெறப்படும்: கட்டளைச் சொற்கள் இரண்டு ஓரெழுத்தால் மாத்திரம் வேறுபடலாகாது; தீங்கற்ற கட்டளையும் தீங்கு விளைக்கத்தக்க கட்டளையும் அவ்வாறு நெருங்கவே கூடாது. இதே காரணத்தால், செய்நிரலை இயக்குதற்கு 'ஓடு' என்பதைக் காட்டிலும் 'இயக்கு' என்பதே ஏற்றது. ஓடு என்பது மூன்றாம் வேற்றுமை உருபுமாகும்.

5. தொடர்

இப்போது பிரதான பகுதிக்கு வருவோம். மேலே காட்டிய கட்டளையை ஒரு வாசிகசாலைப் பொறுப்பாளர் தம் இயல்பில் எழுதினால் அது இவ்வாறு அமையும்:

1532-ஐ 214-க்குக் கொடு

இங்கு எண்களின் இடம் பொருளைத் தீர்மானிக்கவில்லை, உருபே தீர்மானிக்கிறது. '214-க்கு 1532-ஐக் கொடு' என மாற்றினும் பொருள் மாறாது. இரண்டாம் வேற்றுமை செயப்படுபொருளையும், நான்காம் வேற்றுமை கொள்வோரையும் காட்டுகின்றன. பிற கட்டளை மொழிகள் இவ்வசதியைப் பெறுதற்கு ஒவ்வோர் எண்ணின் முன்னும் தனிப் பெயர்க்குறி எழுதவைக்கின்றன. நமக்கு அக்குறிகள் வேற்றுமையுருபுகளாக மொழியிலேயே உள்ளன. எவருக்கும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை.

ஆனால் இரு சிக்கல்கள் எழும். முதலாவது, பெயர் உருபேற்கும்போது திரிவது. மரம் என்பது மரத்தை ஆகும். ஆறு என்பது ஆற்றை ஆகும். நூலின் தலைப்பு இவ்வாறு திரிந்தால், பதிவேட்டில் உள்ள வடிவத்தைக் கணனி மீட்டறிய வேண்டும். அதற்குப் புணர்ச்சி விதி முழுவதையும் செய்நிரலாக்க வேண்டியதில்லை. தலைப்பை மேற்கோட்குறிக்குள் இட்டு உருபை வெளியே எழுதுவது நம் அச்சு மரபிலே உள்ளதே: “மரம்”-ஐ. எண்ணுக்குப் பின் சிறுகோடிட்டு உருபு எழுதுவதும் அவ்வாறே. தரவு வேறு, உருபு வேறு எனப் பிரித்துணர இம்மரபே போதும்.

இரண்டாவது சிக்கல் வலி மிகுதல். மேலே '214-க்குக் கொடு' என எழுதினோம். அங்கு உருபு 'க்கு'. கணனி காண்பதோ 'க்குக்'. 'தேடு' வரின் 'ஐத்' என்றாகும். பிழையின்றி எழுதுபவரது கட்டளையையே விளக்கி புறக்கணிக்கும் நிலை இது. தீர்வு இலக்கணத்திலேயே உண்டு. தமிழ்ச் சொற்களின் ஈற்றில் வரும் எழுத்துகள் இருபத்துநான்கு என நன்னூல் வகுக்கிறது: உயிர் பன்னிரண்டு, மெய் பதினொன்று, குற்றியலுகரம். அம்மெய்களுள் வல்லினம் எதுவும் இல்லை. எனவே உருபின் இறுதியிற் க், ச், த், ப் என்பவற்றுள் ஒன்று நின்று, அடுத்த சொல்லும் அவ்வெழுத்தின் இனத்திலேயே தொடங்குமாயின், அது சந்தியால் வந்ததேயன்றிச் சொல்லின் உறுப்பன்று, ஐயமின்றி நீக்கிவிடலாம். மேற்கோட்குறிக்குள் உள்ள பிறமொழிப் பெயர்களை இவ்விதி தீண்டலாகாது. 'பட்டியலில் காட்டு' என்பதை யாழ்ப்பாணத்தார் பலர் 'பட்டியலிற் காட்டு' என எழுதுவர். ஆதலால் 'இல்' என்பதற்கு 'இற்' என்ற வடிவையும் அட்டவணையிற் சேர்த்தல் வேண்டும். சந்தி இட்டெழுதுபவரும் இடாதெழுதுபவரும் ஒரே விடையைப் பெறுவர்.

வினை இறுதியில் நிற்பதால் வரும் பயனும் உண்டு. ஆங்கில முறையில் நீக்கும் செயல் முதலிலே சொல்லப்பட்டுவிடுகிறது. அதன்பின் எழுதப்படும் நீண்ட பெயரின் நடுவே தவறுதலாக வரிமுடிவு விசை அழுத்தப்பட்டால், பாதிப் பெயரே முழுப்பெயராகக் கொள்ளப்பட்டு வேண்டாத ஒன்று நீங்கிவிடலாம். தமிழ் முறையில் இறுதிச் சொல் வரும்வரை எச்செயலும் தீர்மானமாவதில்லை. அரைகுறை வரி செயலற்றே நிற்கும். பொருளை முதலிற் சுட்டிப் பின் செயலைத் தெரிவு செய்வது பிற்போக்கான முறையுமன்று. 1981-இல் செறொக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ரார்' கணனியில் முதலிற் பொருளைத் தெரிந்து பின்னரே செயலை ஏவினர். இன்றைய திரைப்படிம முறைகளும் அவ்வழியே செல்கின்றன.

இதனினும் சிறந்த பொருத்தம் ஒன்று உண்டு. யுனிக்ஸ் முறையின் பெருஞ்சாதனை எனப் போற்றப்படுவது, ஒரு கட்டளையின் விளைவை அடுத்த கட்டளைக்கு நேராகச் செலுத்தும் குழாய் அமைப்பாகும். மக்கில்றோய் 1964-இலேயே எண்ணிய இது 1973-இல் யுனிக்ஸில் இடம்பெற்றது. சிறு கருவிகளைத் தொடுத்துப் பெருவேலை செய்யும் இம்முறைக்கு ஆங்கிலத்தில் ஒரு தனிக்குறி தேவைப்பட்டது. தமிழில் அதற்குரிய உறுப்பு வினையெச்சம்:

“சரித்திரம்”-ஐத் தேடி, ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தி, அச்சிடு

தேடி, வரிசைப்படுத்தி என்பன எச்சங்கள். அச்சிடு என்பது முற்று. எச்சம் நின்ற இடத்திற் செயல் முடியவில்லை, அதன் விளைவு அடுத்த வினைக்குச் செல்கிறது என்பதைத் தமிழர் எவரும் சொல்லாமலே உணர்வர். 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்னும் விதியும் இங்குப் பொருந்துகிறது. எல்லாச் செயலையும் செய்வது ஒரே கணனிதான். விளக்கிக்கு வேண்டியது ஒன்றே: ஒவ்வொரு கட்டளைக்கும் ஏவல், எச்சம் என இரு வடிவங்களை அட்டவணையில் வைத்தல். கொடு, கொடுத்து, தேடு, தேடி, நீக்கு, நீக்கி. எச்சத்தின் விளைவு அடுத்த வினையின் செயப்படுபொருளாகும் என ஒரு விதி செய்துவிட்டால், முற்றுவினை கண்டவுடன் முழுத்தொடரும் நிறைவேறும். முற்று வராது எச்சத்தில் நிற்கும் வரியை, 'தொடர் முடியவில்லை' எனத் திருப்பலாம். நிபந்தனையும் இவ்வாறே: '1532 இருந்தால் 214-க்குக் கொடு'.

6. பிழையும் பொறுப்பும்

வாசிகசாலைப் பதிவேடு ஒரு சாதாரண பட்டியலன்று. 1981-இல் மே 31-ஆம் திகதி இரவு தொடங்கி எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. எம்மிடம் எது இருந்தது என்பதைச் சொல்லவல்லது பதிவேடே. நூல் போனாலும் பதிவு எஞ்சியிருந்தால் மறுபடி தேடலாம். பதிவும் போனாற் போனது எது என்பதே தெரியாது. 2005-இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத் திட்டம் போன்ற முயற்சிகளின் அடிப்படை இவ்வுணர்வே. ஆகவே நீக்கும் கட்டளையை அமைப்பதிற் பின்வருவன கருதற்பாலன.

முதலாவது, 'நீக்கு' என்பதற்குச் சுருக்கம் இருத்தல் ஆகாது, பிழைதிருத்தமும் ஆகாது. 'தேட' என எழுதியவரைத் 'தேடு' எனக் கருதியா எழுதினீர்கள் எனக் கேட்கலாம். நீக்குதலில் அவ்வாறு ஊகித்தல் தவறு.

இரண்டாவது, எதிர்மறை. தமிழில் எதிர்மறைப் பொருள் வினையின் இறுதியில் நிற்கும். 'நீக்காதே', 'நீக்க வேண்டாம்' என்பவற்றின் முற்பகுதி 'நீக்கு' என்பதைப் போன்றதே. சொல்லின் தொடக்கத்தை மாத்திரம் பார்த்து வினையடியைத் தீர்மானிக்கும் விளக்கி, வேண்டாம் என்றதையே செய்துவிடும். ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் முன்னே வருவதால் அங்கு ஆக்கப்பட்ட உத்திகளை இங்கு அப்படியே கொள்ளலாகாது. அட்டவணையிலுள்ள முழு வடிவத்தோடு முழுச் சொல்லும் பொருந்தினாலன்றிச் செயல் நிகழக் கூடாது.

மூன்றாவது, உறுதி கேட்டல். 'இந்தப் பதிவை நீக்கவா?' எனக் கேட்டு 'ஆம்' என்ற சொல்லைப் பெற வேண்டும். அதனினும் சிறந்தது, நீக்கியதை உடனே அழிக்காது ஒதுக்கி வைத்து, 'மீட்டெடு' என்ற கட்டளைக்கு இடமளிப்பது. கேள்விக்குப் பழகிய கை ஆம் என எழுதிவிடும். மீட்பு ஒன்றே உண்மையான காவல்.

நான்காவது, விடையின் மொழி. யுனிக்ஸின் பழைய எழுத்துத்தொகுப்புக் கருவி எப்பிழைக்கும் ஒரு வினாக்குறியை மாத்திரம் விடையாகத் தந்தது. 1981-இல் டொனால்ட் நோர்மன் யுனிக்ஸ் கட்டளைமுறையைக் கடுமையாக விமர்சித்தபோது, பெயர்களின் ஒழுங்கின்மையோடு இத்தகைய மௌனத்தையும் குறைகூறினார். 'பிழை' என்று மாத்திரம் சொல்வது விடையாகாது. 'நூல் எண் கிடைத்தது. யாருக்குக் கொடுப்பது என்று சொல்லப்படவில்லை. உதாரணம்: 1532-ஐ 214-க்குக் கொடு' என்பதே விடை. எந்த வேற்றுமை விடுபட்டது என்பதைக் கணனி அறிந்திருப்பதால் இவ்வாறு கூறுவது எளிது. மனிதர் இயந்திரத்தை ஒருமையில் ஏவலாம். இயந்திரம் மனிதருக்கு மரியாதைப் பன்மையிலேயே விடையளித்தல் நம் பண்புக்கு ஏற்றது.

இன்று பேரளவு மொழி மாதிரிகள் எவ்வாறு எழுதினும் ஓரளவு பொருள் கொள்கின்றனவே, இவ்வளவு நுணுகிய விதிகள் எதற்கு என ஒருவர் வினவலாம். அம்மாதிரிகள் மிகப் பொருத்தமான பொருளை ஊகிப்பவை. ஊகம் தேடுதலுக்குப் போதும், நீக்குதலுக்குப் போதாது. அத்தகைய மாதிரியை முன்வாயிலாக வைத்தாலும், அது ஊகித்ததை ஐயத்துக்கிடமற்ற கட்டளையாக மாற்றிப் பயன்படுத்துவோருக்குக் காட்ட வேண்டும். அக்கட்டளை எம்மொழியில் இருக்கும்? ஆங்கிலத்தில் இருப்பின், தமிழில் எழுதியவர் தாம் எதற்குச் சம்மதிக்கிறார் என்பதை அறியாமலே ஆம் என்பார்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். தமிழிற் கட்டளை விளக்கி அமைப்பது கலைச்சொற் பட்டியலோடு முடியும் வேலையன்று. ஏவல், வேற்றுமை, எச்சம், புணர்ச்சி, ஈற்றெழுத்து என நம் இலக்கணிகள் வகுத்தவை கணனித்துறையில் நேரடிப் பயன் உடையவை. அவற்றுள் எதுவும் கடினமான கணிதத்தை வேண்டுவதன்று. ஐந்து கட்டளையும் சில உருபுகளும் கொண்ட நம் வாசிகசாலைச் செய்நிரலின் விளக்கியைச் செய்நிரலாக்கம் பயின்ற ஒரு மாணவர் சில வாரங்களில் எழுதிவிடலாம்.

இதற்கு வேண்டுவது இரு துறையினரின் கூட்டுழைப்பு. கணனித்துறையினர் நன்னூலை வித்துவான்களின் உடைமை எனவும், தமிழ்த்துறையினர் செய்நிரலை எந்திரவியலாளரின் உடைமை எனவும் எண்ணும்வரை, மேசைமுன் அமர்ந்திருக்கும் வாசிகசாலைப் பொறுப்பாளர் பிறர் மொழியிலேயே தம் இயந்திரத்தை ஏவிக்கொண்டிருப்பார். பல்கலைக்கழகமொன்றிற் கணனி மாணவர் ஒருவரும் இலக்கணம் பயிலும் மாணவர் ஒருவரும் ஒரே செயற்றிட்டத்தை மேற்கொள்வராயின், மேலே காட்டிய அட்டவணைகளே அவர்களது முதற்பணியாகலாம். அவற்றின் பொருத்தத்தைச் சோதிக்கும் இடம் ஆய்வுகூடமன்று, கிராமத்து வாசிகசாலையே.